பச்சைச் சீட்டும் ஆற்று நீரும்

வியாபார ஸ்தாபனங்கள் தங்கள் சரக்குகளைக் குறித்து 'இயற்கையானது', 'பசுமையானது', 'சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது' என்று விளம்பரஞ் செய்வது இக்காலத்தில் எங்கும் காணப்படும் வழக்கமாகும். துணிக்கடையில் ஒரு பனியனை எடுத்துப் பார்த்தால், விலைச்சீட்டுடன் இலை வடிவமாகக் கத்தரித்த பச்சைச் சீட்டு ஒன்றும் தொங்கக் காணலாம். அதில் அச்சிட்டிருப்பது சில வேளை முழு உண்மை. சில வேளை அரை உண்மை. சில வேளை உண்மையே அன்று. செய்கையில் இல்லாத பசுமையைச் சொல்லில் ஏற்றிக் காட்டும் இவ்வழக்கத்திற்குப் 'பசுமைப் பூச்சு' என்று பெயர் வழங்குகிறது. விரிசல் கண்ட சுவரைச் செப்பனிடாமல் சுண்ணாம்படித்து விற்பதை ஒத்த காரியம் இது.

பட்டணத்துக் கடைகளில் நடக்கும் இவ்விஷயத்தில் குடியானவருக்கு என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். மேற்படி பனியனுக்கு வேண்டிய பருத்தி விளைவது குடியானவர் புஞ்சையில். அதற்குச் சாயம் ஏற்றியபின் கழிக்கப்படும் நீர் சென்று சேர்வது, தடுப்பாரின்றேல், குடியானவரின் ஆற்றிலும் வாய்க்காலிலும் கிணற்றிலும். சீட்டுத் தொங்குவது மாத்திரமே பட்டணத்தில். ஆகவே அச்சீட்டில் எழுதியிருப்பது மெய்யா என்று பரிசோதிப்பதற்கு ஏற்ற இடமும் நிலந்தான்.

'பசுமைப் பூச்சு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை 1986-ம் வருஷத்தில் அமெரிக்கரான ஜே வெஸ்டர்வெல்டு என்பவர் ஒரு கட்டுரையில் எடுத்தாண்டார். உல்லாசப் பிரயாணிகள் தங்கும் விடுதிகளில், பூமியைக் காக்கும்பொருட்டு ஒரே துவாலையை மறுபடியும் உபயோகிக்குமாறு விருந்தினரை வேண்டி வைத்திருந்த அட்டைகளே அவர் எடுத்துக்காட்டிய உதாரணம். துவாலையைத் துவைக்காது விட்டால் விடுதிக்காரருக்குச் செலவு மிச்சமாகும். தமக்கு மிச்சமாகும் காசைப் பூமிக்குச் செய்யும் தொண்டு என்று அவர்கள் கூறிக்கொண்டதே குற்றமாயிற்று. துவாலையைச் சிக்கனமாக உபயோகிப்பது தவறென்று அவர் கூறவில்லை. பெரும்பாலான பசுமைப் பூச்சு இவ்விதமாகவே நடைபெறுகிறது. முழுப் பொய்யை எளிதில் கண்டுகொள்ளலாம். சிறு நன்மையைப் பெரிதாக்கி, அதன் நிழலில் பெருந்தீமையை மறைப்பதைக் கண்டுகொள்வதே கடினம்.

முழுப் பொய்க்கும் உதாரணம் உண்டு. ஜெர்மனி தேசத்து வோக்ஸ்வாகன் கம்பெனியார் தம் டீசல் மோட்டார்களைச் சுத்தமானவை என்று அமெரிக்காவில் விளம்பரஞ் செய்து விற்றனர். வண்டி பரிசோதனையில் இருக்கிறதா, சாலையில் ஓடுகிறதா என்பதைத் தானே கண்டறியும் கணினி நிரல் ஒன்று அவ்வண்டிகளில் அமைக்கப்பட்டிருந்தது. பரிசோதனையின்போது புகை விதிக்குள் அடங்கியிருந்தது. சாலையில் நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்கள் சில வண்டிகளில் அனுமதித்த அளவிற்கு 40 மடங்கு வரையில் வெளிப்பட்டன. 2015 செப்டம்பரில் இது வெளியாயிற்று. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்நிரல் இருந்ததாகக் கம்பெனியாரே ஒப்புக்கொண்டனர். பரிசோதிக்கும் நாளில் ஒரு நடத்தையும் மற்ற நாட்களில் வேறு நடத்தையும் மோட்டார்த் தொழிலுக்கு மட்டும் உரியதன்று. பகலில் தெளிந்த நீரும் இரவில் கறுத்த நீரும் ஓடும் ஓடைகளைக் கண்டவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உப்பின் கணக்கு

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும் முறையைச் சிறிது அறிந்துகொண்டால் பச்சைச் சீட்டைப் படிக்கும் திறமை தானே உண்டாகும். பருத்தி நூல் நீரில் நனைந்தவுடன் எதிர் மின்தன்மையைச் சிறிது அடைகிறது. இக்காலத்தில் பெரிதும் உபயோகமாகும் வினைச்சாயங்களும் நீரில் கரைந்தபின் அதே தன்மையுடையவை. ஒரே தன்மையுள்ளவை ஒன்றையொன்று விலக்குமாதலால், சாயம் நூலைப் பற்றாது நீரிலேயே நின்றுவிடும். சோற்றுப்பையோ, சோடியம் ஸல்பேட்டையோ மிகுதியாகக் கரைத்தால் அவ்விலக்கம் தணிந்து, சாயம் நூலினுள் செல்லுகிறது. உப்பின் வேலை அவ்வளவே. அது துணியில் தங்குவதில்லை. இட்ட உப்பு ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளிவருகிறது.

ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் சாயநீர் என்றும், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றும் வைத்துக்கொண்டால், கிலோ ஒன்றுக்கு 360 கிராம் உப்பு செலவாகிறது. 200 கிராம் நிறையுள்ள பனியன் ஒன்றுக்கு 72 கிராம். அதாவது, ஒவ்வொரு பனியனுக்கும் ஒரு கைப்பிடி உப்பு. கறுப்பு, கருநீலம் போன்ற அழுத்தமான நிறங்களுக்கு இன்னும் அதிகம் வேண்டும். ஆண்டொன்றுக்குக் கோடிக்கணக்கான பனியன்கள் தயாராகும் ஓர் ஊரில் அவ்வுப்பு எங்கே போயிற்று என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

திருப்பூரில் அது வெகுகாலம் நொய்யல் ஆற்றில் போயிற்று. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் உற்பத்தியாகிக் கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடிக் கரூர் ஜில்லாவில் காவிரியுடன் கலக்கும் இவ்வாற்றில், மழைக்காலம் நீங்கலாக மற்ற மாதங்களில் சொற்ப நீரே வருவது வழக்கம். கலந்து கரைக்கப் போதிய நன்னீர் இல்லாத ஆற்றில் கழிவைச் சேர்த்தால், ஓடுவது கழிவாகவே இருக்கும். 1980-க்குப் பின் பனியன் ஏற்றுமதி பெருகப் பெருகச் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் ஆற்றின் இருகரைகளிலும் பெருகின. ஒரு கோடி லிட்டர் கழிவில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு இருப்பின், அது 50 டன் உப்பாகும். திருப்பூர்ப் பட்டறைகளின் கழிவு நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கும் பன்மடங்கு மேற்பட்டது.

இந்நிலையில், சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே 1992-ம் வருஷத்தில் ஓர் அணை கட்டி முடிக்கப்பெற்றது. கீழ்ப்பகுதியில் 10,000 ஏக்கராவுக்குக் குறையாத நிலத்திற்குப் பாசன வசதி அளிப்பது அதன் நோக்கம். சில வருஷங்களுக்குள் அணையில் தேங்கியது பாசனநீர் அன்று, சாயக்கழிவே என்பது விளங்கிற்று. மீன்கள் செத்து மிதந்தன. சுற்றுக் கிராமங்களின் கிணறுகளில் ஊற்று உவர்த்தது. அந்நீரைப் பாய்ச்சிய காடுகளில் மண் இறுகி மேலே வெண்படலம் பூத்தது. நீர் வேண்டி அணை கேட்டவர்களே பின்னர் அணையில் நீரைத் தேக்க வேண்டாம் என்று மன்றாடும் நிலை வந்தது. அணைக்கட்டுகளின் சரித்திரத்தில் இதைப்போன்ற விண்ணப்பம் அரிது.

நிறம் போயிற்று, உப்பு நின்றது

மேற்படி காலத்தில் பட்டறைக்காரர் ஒன்றும் செய்யாதிருந்தனர் என்று கூறுவது நியாயமாகாது. 1990-க்குப் பின் பல பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை ஏற்படுத்திக்கொண்டன. கழிவுநீரில் சுண்ணாம்பும் அன்னபேதியும் கலந்து, நிறத்தையும் கசடையும் அடியில் படியச் செய்து, தெளிந்த நீரை வெளிவிடுவது அந்நிலையங்களின் வேலை. பார்வைக்கு நீர் தெளிவாகவே இருந்தது. ஆனால் கரைந்துள்ள உப்பு சுண்ணாம்பினால் படிவதில்லை. சுண்ணாம்பும் அன்னபேதியும் தம் பங்குக்குச் சிறிது உப்பைச் சேர்ப்பனவுமாகும். 'எங்கள் பட்டறையில் சுத்திகரிப்பு நிலையம் உண்டு' என்று அக்காலத்தில் ஒருவர் வெளிநாட்டு வியாபாரிக்கு எழுதியிருந்தால் அது பொய்யன்று. அந்நிலையம் எதை நீக்கிற்று, எதை விட்டுவிட்டது என்று வியாபாரி கேட்டிருந்தாலன்றி உண்மை விளங்கியிராது. கண்ணுக்குத் தெரியும் குற்றத்தை நீக்கி, கண்ணுக்குத் தெரியாததை அப்படியே விட்டுவைப்பது, பசுமைப் பூச்சினுள் மிகவும் கவனிக்கத்தக்க வகையாகும்.

விதிப்படி ஆற்றில் விடத்தக்க கழிவுநீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. இவ்விதிக்கு உட்பட்ட நீரே பாசனத்திற்கு ஏற்றதென்று எண்ணிவிடலாகாது. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனத்தார் வகுத்துள்ளபடி, லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேல் உப்புள்ள நீர் பாசனத்திற்குக் கடுமையான கட்டுப்பாட்டுடன் உபயோகிக்க வேண்டிய வகுப்பைச் சேர்ந்தது. கணக்கிட்டுப் பார்த்தாலும் இது புலனாகும். ஓர் ஏக்கராவுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம் ஒரு தடவை பாய்ச்சுவதற்குச் சுமார் 2 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். அந்நீர் 2,100 மில்லிகிராம் உப்புள்ளதாயின், ஒரே பாய்ச்சலில் சுமார் 425 கிலோ உப்பு நிலத்தில் இறங்குகிறது. ஐம்பது கிலோ மூட்டையாக எட்டரை மூட்டை உப்பைத் தன் காட்டில் இறைக்க எந்தக் குடியானவரும் சம்மதிக்கமாட்டார். நீரில் கரைந்து வருவதால் அவருக்கு அது தெரிவதில்லை.

வழக்கும் தீர்ப்பும்

நொய்யல் ஆயக்கட்டுதாரர்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தை, ஹைகோர்ட்டின் கட்டளைப்படி, சூழல் இழப்புத் தடுப்பு மற்றும் நஷ்டஈட்டு அதிகார சபை விசாரித்தது. பாதிக்கப்பட்ட 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24 கோடியே 80 லட்சம் ரூபாய் அளிக்கப்படவேண்டும் என்று 2004-ம் வருஷத்தில் அச்சபை நிர்ணயித்தது. சராசரி பார்த்தால் தலைக்குச் சுமார் 8,700 ரூபாய். கிணறும் காடும் பழுதானதற்கு இத்தொகை ஈடாகுமா என்பதை நிலமுடையோரே அறிவர்.

ஆற்றுக்கு உண்மையான பரிகாரம் வேறு வழியில் வந்தது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தார் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட்டார் சாயப்பட்டறைகள் ஒரு துளிக் கழிவும் வெளியேற்றலாகாது என்றும், தவணைக்குள் அந்நிலையை அடையாதவர்கள் வெளிவிடும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசா தொடங்கி 10 பைசா வரையில் அபராதம் செலுத்த வேண்டும் என்றும் விதித்தனர். பட்டறைக்காரர் சங்கத்தார் சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் செய்தனர். அசுத்தம் செய்தவரே அதற்குரிய செலவை ஏற்கவேண்டும் என்னும் நியாயத்தைக் காட்டி, சுப்ரீம் கோர்ட்டார் 2009 அக்டோபரில் அத்தீர்ப்பை உறுதிசெய்து, மூன்று மாதத் தவணை அளித்தனர். அதன் பின்னரும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ந் தேதி, 700-க்கு மேற்பட்ட பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின்சாரத்தைத் துண்டிக்குமாறு ஹைகோர்ட்டார் உத்தரவிட்டனர்.

அவ்வுத்தரவினால் ஊரே திகைத்தது. பட்டறைத் தொழிலாளர் வேலையிழந்தனர். ஏற்றுமதிக்காரர் துணியைச் சாயமேற்ற வெகுதூரம் அனுப்பவேண்டியதாயிற்று. கழிவுநீரை அடியோடு வெளிவிடாத முறையை அமைத்துக்கொள்ள, ராஜ்ய சர்க்கார் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனாக அளிக்க முன்வந்தனர். அம்முறையை நிறைவேற்றிய நிலையங்கள் ஒவ்வொன்றாக மறுபடியும் திறக்கப்பட்டன. இத்தனை வருஷ காலத்தில் திருப்பூர்ப் பனியனை வாங்கி விற்ற வெளிநாட்டுக் கடைகளில் தொங்கிய பச்சைச் சீட்டு எதுவும் நொய்யலில் ஒரு படி உப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை. குறைத்தது, கடைமடைக் குடியானவர்கள் கோர்ட்டில் வைத்த நீர்ப் பரிசோதனைக் கணக்கும், அதன்மேல் பிறந்த கட்டளையுமே.

மெய்யான பசுமையின் விலை

இப்பொழுது திருப்பூரில் நடைபெறும் முறை யாதெனில், கழிவுநீரை முதலில் நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்தஞ்செய்து, பின்னர் மெல்லிய சவ்வுகளின் வழியே மிகுந்த அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். வீடுகளில் குடிநீருக்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் தத்துவமே இது. நீரின் பெரும்பகுதி நன்னீராகப் பிரிந்து மறுபடியும் சாயத்தொட்டிக்குப் போகிறது. எஞ்சிய கடும் உவர்நீரின் ஒரு பகுதி தெளிவிக்கப்பட்டுச் சாயமேற்றவே மீண்டும் உதவுகிறது. மற்றதை ஆவியாக்கி உப்பைப் படிகமாக எடுக்கிறார்கள். புதிதாக வாங்கவேண்டிய நீரும் உப்பும் இதனால் வெகுவாகக் குறைகின்றன. நீருக்கு விலை கொடுக்கும் வறண்ட ஊரில் இது சிறிய லாபமன்று.

ஆயினும் இம்முறையில் குறையில்லை என்று சொல்வதற்கில்லை. உவர்நீரைக் காய்ச்சி ஆவியாக்க விறகும் மின்சாரமும் ஏராளமாகச் செலவாகின்றன. ஆறு தப்பியது, புகை கூடிற்று. பல உப்புக்கள் கலந்து, மறுபடியும் சாயத்துக்கு உதவாத கழிவுப்பு ஒன்று கடைசியில் மிஞ்சுகிறது. அதை மழை படாத கொட்டகைகளில் குவித்து வைத்துக் காக்க வேண்டியிருக்கிறது. அதற்கு நிரந்தரமான போக்கிடம் காண்பது இன்னும் கடினமான காரியமாகவே உள்ளது. கூரை ஒழுகினால் அவ்வுப்பு மறுபடியும் நிலத்திற்கே வரும்.

செலவை யார் ஏற்பது என்பது இதனினும் பெரிய சங்கடம். சாயப்பட்டறைக்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்குச் சாயமேற்றுகிறவர். அவருக்கு மேலே பனியன் தைப்பவர். அவருக்கு மேலே ஏற்றுமதிக்காரர். எல்லோருக்கும் மேலே, பல தேசங்களின் விலைகளை ஒப்பிட்டுப் பார்த்துக் குறைந்த விலைக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கடைக்காரர். உப்பை நீக்கும் செலவு, பனியன் ஒன்றுக்குப் பிரித்துப் பார்த்தால், சிறு தொகையே. ஆனால் லட்சம் பனியன் ஆர்டரில் அதுவே ஆர்டர் கிடைப்பதற்கும் கிடைக்காமற் போவதற்கும் உள்ள வித்தியாசமாகிறது. இத்தகைய கட்டாயம் இல்லாத வேறு ஊரிலோ வேறு தேசத்திலோ சாயமேற்றுகிறவர் அச்செலவின்றி விலை கூறுகிறார். 2011-ல் பட்டறைகள் மூடப்பட்டபின் சிலர் பிற ஜில்லாக்களுக்குச் சென்று, அனுமதியின்றி ரகசியமாகச் சாயமேற்றியதும் இக்காரணத்தினாலேயே. ஓர் ஆற்றைக் காத்த கட்டளை, வேறோர் ஆற்றங்கரையில் கிராம அதிகாரிகளுக்குப் புதிய தலைவலியாயிற்று.

ஆதலால் ஒரு ஸ்தாபனம் மெய்யாகவே பசுமையை நாடுகிறதா என்று அறிய, அது நட்ட மரக்கன்றுகளை எண்ணுவதைக் காட்டிலும், அது கொடுக்கும் கொள்முதல் விலையில் சுத்திகரிப்புச் செலவு அடங்கியுள்ளதா என்று பார்ப்பது மேல். மரம் நடுவது நற்செயல். எனினும் எந்த மரமும் ஆலையின் உப்பை நீக்கித் தராது. தன் தொழிலின் பிரதானமான தீங்கு எதுவோ, அதற்குச் செலவிடாமல் வேறொன்றுக்குச் செலவிட்டு அதைப் பறைசாற்றுவோரிடம் எச்சரிக்கை வேண்டும்.

கடையிலும் காட்டிலும் சில உதாரணங்கள்

வெளிநாட்டுச் சர்க்கார்களும் இவ்விஷயத்தில் இப்பொழுது விழித்துக்கொண்டிருக்கிறார்கள். நெதர்லாந்து தேசத்து நுகர்வோர், சந்தை அதிகார சபையார், எச் அண்ட் எம், டெக்கத்லான் என்னும் இரண்டு பெரிய துணிக்கடைக் கம்பெனிகள் தம் சரக்குகளின்மேல் விளக்கமின்றிப் போட்டிருந்த பசுமைக் குறிகள் வாங்குவோரை மயக்கக்கூடியவை என்று கண்டனர். அக்குறிகளைத் திருத்தவோ நீக்கவோ அக்கம்பெனிகள் 2022 செப்டம்பரில் ஒப்புக்கொண்டன. அன்றியும் முறையே 5 லட்சம், 4 லட்சம் யூரோ நன்கொடையாக அளிக்கவும் இசைந்தன. ஐரோப்பிய யூனியனார் 2024-ம் வருஷத்தில் இயற்றிய விதியானது, அத்தாட்சியில்லாத பொதுவான பசுமைச் சொற்களைத் தடுக்கிறது. வேறிடத்தில் கரிம வரவை விலைக்கு வாங்கிவிட்டுச் சரக்கே கரிமமற்றது என்று கூறிக்கொள்வதும் அவ்விதியினால் தடுக்கப்பட்டது. 2026 செப்டம்பர் 27-ந் தேதி அதன் அமல் தேதியாகக் குறிக்கப்பட்டது.

இந்தியாவிலும், 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய அதிகார சபையார் 2024 அக்டோபரில் பசுமைப் பூச்சைத் தடுப்பதற்கென்றே தனி விதிகளை வெளியிட்டனர். 'பசுமையான', 'இயற்கையான', 'சூழலுக்கு உகந்த' முதலிய சொற்களை ஆளுகிறவர் அவற்றுக்குப் போதிய ஆதாரம் காட்டக் கடமைப்பட்டவர். சரக்கின் எப்பகுதிக்கு, அல்லது தயாரிப்பின் எப்படிக்கு அச்சொல் பொருந்தும் என்பதையும் விளக்க வேண்டும். மயக்கும் விளம்பரத்திற்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரையிலும், பின்னர் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க அச்சட்டம் இடங்கொடுக்கிறது. விதி நன்று. சென்னையிலோ டில்லியிலோ இருக்கும் அதிகாரி பனியனின் சீட்டைப் படிக்கக்கூடும். ஓடைநீரை அளப்பது அவ்வூரில் இருப்பவரால்தான் ஆகும்.

இயற்கை விவசாயப் பருத்தியைக் குறித்தும் ஒரு வார்த்தை. 'இயற்கைப் பருத்தியினால் ஆனது' என்னும் வாசகம் பஞ்சைப் பற்றி மட்டுமே பேசக்கூடும். அப்பஞ்சுக்கு ஏற்றிய சாயத்தின் கழிவு எங்கே சென்றது என்பதை அது கூறாது. பஞ்சைப் பற்றிக் கூறுவதும் எப்பொழுதும் நம்பத்தக்கதாயில்லை. உலக இயற்கை ஜவுளித் தர ஸ்தாபனத்தார் 2020 அக்டோபரில் விசாரித்து, இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலி அத்தாட்சிகள் தயாரிக்கப்பட்டிருந்ததை வெளியிட்டு, சம்பந்தப்பட்ட 11 கம்பெனிகளை விலக்கினர். இம்மோசடியால் வெளிநாட்டுக் கடைக்காரர் ஏமாந்தார் என்பது பாதி விஷயமே. ரசாயன உரமும் மருந்தும் இன்றி, குறைந்த மகசூலைப் பொறுத்துக்கொண்டு உண்மையாகப் பயிரிட்ட குடியானவர், போலிச் சரக்கின் விலையோடு போட்டியிட வேண்டியவரானார்.

சிறு விவசாயிகளைக் குழுவாகச் சேர்த்து அத்தாட்சி அளிப்பதே இங்குள்ள வழக்கம். அக்குழுவின் ஜாப்தாவில் பெயரும் சர்வே நம்பரும் விஸ்தீரணமும் காணப்படும். கிராம நிர்வாக அதிகாரியிடமுள்ள அடங்கலில் அவ்வருஷம் அந்நம்பரில் என்ன பயிர், எவ்வளவு என்பது பதிவாகியிருக்கும். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கரும்பு நின்ற நிலத்தில் இயற்கைப் பருத்தி விளைந்ததாக எழுதப்பட்டிருப்பின் அரை மணி நேரத்தில் வெளியாகிவிடும். தம் பெயர் ஏதேனும் குழுவில் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதைப் பருத்தி விவசாயிகள் கேட்டறிந்து, கையெழுத்து இடுமுன் ஜாப்தாவின் நகல் ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிணற்று நீரைப் பரிசோதித்து வைத்தல்

பட்டறைகளோ ஆலைகளோ உள்ள ஊர்களிலும், அவற்றின் கீழ்ப்பகுதிக் கிராமங்களிலும், பாசனக் கிணறுகளின் நீரை வருஷத்திற்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், பரிசோதித்து எழுதி வைப்பது அவசியம். ஆலை வருமுன் நீர் எவ்வாறிருந்தது என்று காட்டும் கணக்கு இல்லாமையால், பின்னர் நஷ்டஈடு கேட்கும்போது விவசாயிகள் வெறுங்கையுடன் நிற்க நேரிடுகிறது. பம்பை அரைமணி நேரம் ஓடவிட்டு, அதன்பின் வரும் நீரினால் சுத்தமான பிளாஸ்டிக் புட்டியை மூன்று முறை அலம்பி, காற்றுக்கு இடமின்றி ஒரு லிட்டர் பிடித்து மூடவேண்டும். புட்டியின்மேல் உடையவர் பெயர், கிராமம், சர்வே நம்பர், கிணற்றின் ஆழம், தேதி ஆகியவற்றை எழுதி, தாமதமின்றி விவசாய இலாகாவின் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புதல் வேண்டும்.

முடிவில் 'மின்கடத்தும் திறன்' என்று ஓர் எண் குறித்திருக்கும். அது டெசிசீமன் கணக்கில் 0.7-க்குக் குறைந்தால் நீர் நல்லது, 0.7 முதல் 3 வரையில் பயிரையும் மண்ணையும் பார்த்துப் பாய்ச்சத்தக்கது. 3-க்கு மேற்பட்டது கடும் உவர். மண்ணின் உவர்ப்பு எவ்வளவு ஆகும் வரை மகசூல் குன்றாது என்று பார்த்தால், வெங்காயத்திற்கு 1.2-ம், மக்காச்சோளத்திற்கும் கரும்பிற்கும் 1.7-ம், நெல்லுக்கு 3-ம், சோளத்திற்கு 6.8-ம் எல்லையாம். பருத்தி 7.7 வரையில் தாங்கும். சாயப்பட்டறையின் உப்பை மேற்கூறிய பயிர்களுள் அதிகமாகப் பொறுப்பது, அப்பட்டறைக்குச் சரக்காகிற பருத்தியே என்பது விசித்திரந்தான்.

சோடியம் மிகுந்து களிமண் இறுகிய நிலங்களுக்கு ஜிப்ஸம் இட்டு உழுது, நல்ல நீர் கட்டி உப்பை வடித்துவிடுவது பரிகாரம். ஜிப்ஸம் எவ்வளவு வேண்டும் என்பது மண் பரிசோதனையினால் நிச்சயிக்கத்தக்கது. வடிகால் இல்லாத நிலத்திலும், நல்ல நீர் கிடைக்காத இடத்திலும் ஜிப்ஸம் இடுவது வீண் செலவாகும். மழை நீரைத் தேக்க வரப்பை உயர்த்தி, மழைக்காலத் தொடக்கத்தில் இவ்வேலையை ஆரம்பிப்பது நலம். ஓடையிலோ வாய்க்காலிலோ நிறமாறிய நீரோ நுரையோ காணப்பட்டால், அன்றே மேற்படி முறையில் மாதிரி எடுத்து, நேரத்தைக் குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஜில்லா அலுவலகத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்து, புகாரின் நகலைக் கிராமக் கணக்குகளுடன் சேர்த்து வைக்கவேண்டும்.